அப்பா பெயரில் ஒரு ஆல்பம், அம்மா பெயரில் ஒரு ஆல்பம்

ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது யானைமலை. அடுத்தபடியாகப் படுவது ஜெராக்ஸ் கடைகள். பக்கத்திலேயே 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி, 2004-ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளை என்று இரண்டும் இருப்பதால் இந்த ஊரில் விண்ணப்பப் படிவத்துக்குப் பஞ்சமே கிடையாது. எந்தப் படிவமாக இருந்தாலும் முதல் ஐந்து கட்டங்கள் ஒன்றுதான். பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிறந்த ஊர், நிரந்தர முகவரி.

பெரும்பாலானவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. ஆனால் சிலருக்கு இந்த ஐந்து கட்டங்களில் ஒவ்வொன்றும் ஒரு பெரிய கதை. தகப்பனார் பெயரை எழுதினால் வம்பு. பிறந்த ஊரை எழுதினால் அடுத்த கேள்வி. நிரந்தர முகவரி என்று ஒன்று இருந்ததே இல்லை.

அப்படிப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் இந்தக் கட்டங்களைப் பேனாவால் நிரப்பாமல் பாட்டால் நிரப்பினார் என்றால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். 2005-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'அருளர்'. அது அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். 2007-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'கலா'. அது அம்மாவின் பெயர். 2010-ல் 'மாயா', 2013-ல் 'மாதங்கி'. இரண்டுமே அவருடைய சொந்தப் பெயர்கள். மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம் என்ற அந்தப் பாடகியை உலகம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அறியும். போரில் காணாமல் போனவர்களைக் குறிக்க ராணுவத்தில் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது.

வெளிநாட்டில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பாப் இசையில் சொன்னவர்கள் பலர் உண்டு. அமெரிக்கா தன்னை உள்ளே விடாததையே ஒரு ஆல்பமாக மாற்றி, அதை அமெரிக்காவிலேயே ஹிட் ஆக்கியவர்கள் மிகச் சிலர். 'கலா' ஆல்பத்தின் கதை அதுதான். அந்தக் கதையில் சென்னை உண்டு, உறுமி மேளம் உண்டு, இளையராஜா உண்டு. கடைசியில் ஒத்தக்கடைக்குப் பக்கத்து ஊரும் உண்டு.

பிறந்த ஊர்: லண்டனா, யாழ்ப்பாணமா?

மாயா பிறந்தது 1975 ஜூலை 18 அன்று, லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டது. எனவே பாஸ்போர்ட் கணக்குப்படி அவர் லண்டன்காரர், நினைவுக் கணக்குப்படி யாழ்ப்பாணத்துக்காரர்.

அப்பா அருள்பிரகாசம் மாஸ்கோவில் பொறியியல் படித்தவர். 1975-ல் லண்டனில் உருவான ஈழப் புரட்சி அமைப்பு, அதாவது ஈரோஸ், அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர். 1970களில் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி பெற்று வந்தவர். எழுத்தாளரும்கூட. 1977 ஆகஸ்டில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பல்களில் ஒன்று 'லங்கா ராணி'. அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய நாவலுக்கும் அதே பெயர்தான். ஈழத்து நாவல்களைத் தேடிப் படிப்பவர்களுக்கு 'அருளர்' என்ற பெயர் பாட்டுக்கு முன்பே அந்த நாவலால்தான் அறிமுகம்.

இயக்கக்காரருக்கு வீடு என்பது எப்போதாவது வந்து போகிற இடம். பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றே சொல்லி வைத்திருந்தார்கள் என்று மாயா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்பாவை மாமா என்று நினைத்து வளர்ந்த ஒரு பிள்ளை, பிற்காலத்தில் அவர் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தது ஏன் என்பது இந்த ஒரு விஷயத்தை வைத்தே பாதி புரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை மோசமானபோது அம்மா கலா மூன்று பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தார். அங்கே பாழடைந்த ஒரு வீட்டில், சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டுச் சில காலம் இருந்தார்கள். பிறகு மறுபடி யாழ்ப்பாணம். பிறகு 1986-ல் லண்டன். பதினோரு வருடங்களுக்கு முன்னால் பிறந்த அதே நகரத்துக்கு, இந்த முறை அகதியாக!

தெற்கு லண்டனின் மிச்சம் பகுதியில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அந்தப் பகுதியில் ஆசியக் குடும்பங்கள் மிகக் குறைவு, நிறவெறி மிக அதிகம். அம்மா தையல் வேலைக்குப் போனார். பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்ட ராப் இசைதான் தன்னை இழுத்தது என்று மாயா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பாடிய கோபம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு வார்த்தை புரியாமலே புரிந்திருக்கிறது. அவருக்கு அமெரிக்கா முதலில் அறிமுகமானது இப்படித்தான், விசா எதுவும் இல்லாமல்.

தகப்பனார் பெயர்: அருளர்

செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் மாயா படித்தது திரைப்படமும் ஓவியமும். பாட்டு தற்செயலாக வந்தது. எலாஸ்டிகா என்ற ராக் குழுவுக்கு ஆல்பம் அட்டை வடிவமைத்தார், அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம் பிடித்தார். அந்தச் சமயத்தில்தான் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப் பெட்டி அவர் கைக்கு வந்தது. பட்டனைத் தட்டினால் தாளம் வரும், அவ்வளவுதான். முறையான சங்கீதப் பயிற்சி எதுவும் இல்லாமல் அந்தப் பெட்டியில் தட்டித் தட்டியே பாட்டுகளை அமைத்தார்.

முதல் பாட்டு 'கலாங்' 2003-ல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. ரேடியோவில் பெரிதாகப் போடவில்லை. ஆனால் இணையத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பரவியது. பிறகு எக்ஸ்எல் என்ற சுயாதீன நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. பெரிய கம்பெனிகளின் பிடிக்கு வெளியே, தானே எழுதி, தானே அட்டை வரைந்து, தானே வீடியோவைத் திட்டமிடுகிற இப்படிப்பட்டவர்களைத்தான் ஆங்கிலத்தில் 'இண்டி' கலைஞர்கள் என்கிறார்கள்.

2005 மார்ச்சில் 'அருளர்' வந்தது. அட்டையில் துப்பாக்கி, பீரங்கி வண்டி, புலி, பனைமரம் எல்லாம் ஸ்டென்சில் ஓவியங்களாக, கண்ணைப் பறிக்கும் நிறங்களில். எங்கே இருக்கிறார் என்றே தெரியாத அப்பா இணையத்தில் தன் பெயரைத் தேடினால் இந்த ஆல்பம் கண்ணில் படட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்ததாக மாயா சொன்னார். அது பலித்தது. அப்பாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பெருமையாக இருக்கிறது, ஆனால் ஆல்பத்தின் பெயரை மாற்று என்று! மகள் மாற்றவில்லை.

இங்கே ஒரு வரலாற்றுத் தவறைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகள் பலவும் அருளரை விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று எழுதின. அவர் இருந்தது ஈரோஸில். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள். ஈழப் போராட்டத்தில் ஐந்து பெரிய இயக்கங்கள் இருந்தன, அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டன என்பதெல்லாம் தமிழ்நாட்டில் 1980களில் பத்திரிகை படித்த எந்த டீக்கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். நியூயார்க்கில் இருந்த நிருபர்களுக்கு 'தமிழ்' என்றால் 'புலி', அதற்கு மேல் பொறுமை இல்லை. அந்த ஒரு வரித் தவறு மாயாவை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. படிவத்தில் தகப்பனார் பெயர் என்ற கட்டத்தை வேறு யாரோ தப்பாக நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கதவு சாத்தப்பட்ட வருடம்

'அருளர்' அமெரிக்காவில் விற்பனையில் பெரிய சாதனை ஒன்றும் செய்யவில்லை. பில்போர்டு 200 பட்டியலில் அது எட்டிய உச்ச இடம் 190. ஆனால் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம் கிடைத்தது. அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவிலேயே, டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளர்களோடு செய்வது என்று முடிவானது. நியூயார்க்கின் புரூக்ளினில் வீடும் பார்த்தாகிவிட்டது.

2006-ல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அப்பாவின் அரசியலும் பாட்டுகளில் வரும் வார்த்தைகளும்தான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. 2001 செப்டம்பருக்குப் பிந்தைய அமெரிக்கா அது. வீடு ஒரு நாட்டில், வீட்டுக்காரி இன்னொரு நாட்டில். திட்டமிட்ட ஆல்பம் காற்றில் போனது.

வேறு யாராக இருந்தாலும் லண்டனில் உட்கார்ந்து வக்கீல் வைத்துக் காத்திருந்திருப்பார்கள். மாயா விமானம் ஏறினார். அமெரிக்கா வேண்டாம் என்றால் மீதி உலகம் இருக்கிறதே! இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று சுற்றி, போன இடத்திலெல்லாம் கிடைத்த சத்தத்தைப் பதிவு செய்தார். கூடவே ஸ்விட்ச் என்ற பெயரில் இயங்கிய ஆங்கிலேயத் தயாரிப்பாளர்.

தாயார் பெயர்: கலா

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோ அவருக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே அவர் பதிவு செய்தது வீணையையோ வயலினையோ அல்ல, உறுமி மேளத்தை.

உறுமியைப் பற்றி மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் சிறுத்து இரண்டு பக்கமும் தோல் கட்டிய மேளம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வருகிற அந்த முனகல் சத்தம்தான் பெயருக்குக் காரணம். சாமியாடிக்குச் சாமி வருவதும் அந்தச் சத்தத்துக்குத்தான். கோயில் கொடையிலும் தெருவிலும் கேட்டுப் பழகிய அந்த உறுமியை மாயா லண்டன், நியூயார்க் நடன விடுதிகளின் ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோனார். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் உறுமியும் கோழிக் கூவலும் சேர்ந்து வரும். அதில் 2003-ல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து ஒரு துண்டும் உண்டு. 'பாய்ஸ்' என்ற பாட்டிலும் உறுமிதான் முதுகெலும்பு.

ஆல்பத்தின் முதல் பாட்டு இன்னும் சுவாரஸ்யமானது. 'பேம்பூ பாங்கா' என்ற அந்தப் பாட்டு இரண்டு பழைய பாட்டுகளின் மேல் நிற்கிறது. ஒன்று, 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு'. பண்ணைப்புரம் முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கிருந்து போன இளையராஜாவின் பொங்கல் பாட்டு. இன்னொன்று, அமெரிக்காவின் மாடர்ன் லவ்வர்ஸ் குழுவின் 'ரோட்ரன்னர்'. மாசசூசெட்ஸ் மாநில நெடுஞ்சாலையில் ராத்திரி ரேடியோவைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டும் ஒரு இளைஞனின் பாட்டு அது. கார், நெடுஞ்சாலை, ரேடியோ, சுதந்திரம். அமெரிக்கன் என்ற அடையாளத்தை அமெரிக்கர்களே சொல்லிக்கொள்ளும் விதம் அது.

மாயா அந்தப் பாட்டின் நடையை எடுத்துக்கொண்டு, மாசசூசெட்ஸ் இருந்த இடத்தில் ஏழை நாடுகளின் பெயர்களை அடுக்கினார். கார் ஓட்டுகிறவனின் பார்வையையும் மாற்றினார். இந்தப் பாட்டில் பேசுவது காருக்குள் இருப்பவர் இல்லை, வெளியே நின்று ஹம்மர் காரின் கதவைத் தட்டுகிறவர். சிக்னலில் நிற்கும் காரின் கண்ணாடியைத் தட்டுகிற கையை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கைக்கு ஒரு வாய் இருந்தால் என்ன பாடும்? அமெரிக்காவுக்குள் நுழைய முடியாத ஒருவர் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாட்டை எடுத்து, அதற்கு அடியில் இளையராஜாவை ஓடவிட்டுத் தன் ஆல்பத்தைத் தொடங்குகிறார். இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது.

மற்ற பாட்டுகளும் இந்தத் தடத்திலேயே போகின்றன. 'ஹஸ்ஸல்' பாட்டில் லண்டனில் வளர்ந்த நைஜீரிய இளைஞர் ஒருவர் பிழைப்புக்குப் படும் பாட்டைப் பாடுகிறார். 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்' பாட்டில் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் மீன் பிடிப்பதைப் பற்றிப் பாடுகிறார்கள். '20 டாலர்' என்ற பாட்டின் தலைப்பு, லைபீரியாவில் ஒரு ஏகே-47 துப்பாக்கிக்கு இருந்த விலை. 'ஜிம்மி' என்பது பப்பி லஹரி இசையமைத்த 'டிஸ்கோ டான்ஸர்' (1982) இந்திப் படப் பாட்டு. மாயா சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் ஆடிக் காட்டிய பாட்டு அது.

இதற்கெல்லாம் அம்மாவின் பெயர் ஏன்? 'அருளர்' ஆண் தன்மை கொண்ட ஆல்பம், 'கலா' பெண் தன்மை கொண்டது என்று மாயா விளக்கினார். அப்பாவின் ஆல்பத்தில் கொள்கை இருக்கிறது, கோஷம் இருக்கிறது, போர் இருக்கிறது. அம்மாவின் ஆல்பத்தில் பிழைப்பு இருக்கிறது. போர் முடியும்வரை பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார், எப்படி என்ற கேள்வி இருக்கிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் மாயா பதிவு செய்தது அந்த மாதிரி ஆட்களைத்தான்.

பொதுவாக வரலாறு எழுதும்போது இயக்கம் தொடங்கிய அப்பாவுக்கு அத்தியாயம் கிடைக்கும், தையல் மெஷின் மிதித்த அம்மாவுக்கு அடிக்குறிப்புக்கூடக் கிடைக்காது. இங்கே இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஆல்பம். அதிலும் அம்மாவுடையதுதான் பெரிய ஆல்பம். 2007 ஆகஸ்டில் வெளிவந்த 'கலா' அமெரிக்கப் பட்டியலில் 18-ஆம் இடம் வரை போனது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது.

காகித விமானங்கள்

அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். 'பேப்பர் பிளேன்ஸ்', அதாவது காகித விமானங்கள். விசா கிடைக்காமல் அலைந்த அனுபவத்தில் பிறந்த பாட்டு. கள்ள விசா அச்சடித்துக் கொடுக்கும் ஒரு ஆளின் குரலில், பாதி கிண்டலாகப் போகும். பல்லவியை லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிப் பள்ளிக் குழந்தைகள் பாடுகிறார்கள். நடுவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, கடைக் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தமும் கேட்கிறது. குடியேறி வந்தவன் கொள்ளையடிக்க வந்தவன் என்றுதானே நினைக்கிறீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்கிற நக்கல் அது. நிஜத்தில் அந்த ஆள் நாள் முழுக்க டாக்ஸி ஓட்டிவிட்டு, எப்போது வீட்டுக்குப் போய்த் தூங்குவோம் என்று இருப்பவர்தான் என்று மாயா ஒரு விளக்கத்தில் சொன்னார்.

அந்தப் பாட்டின் கிடார் இசை தி கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' (1982) பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளைப் பற்றியதுதான். வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து, அப்பாவின் நாட்டுக்குப் போக முடியாமல் நின்ற குழந்தைகளும் அதில் வருவார்கள். தகப்பனார் பெயரும் அமெரிக்க விசாவும் இடிக்கிற இடம் மறுபடியும்!

அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தப் பாட்டின் துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு ஒளிபரப்பின. ஆனால் 2008-ல் ஒரு ஹாலிவுட் காமெடிப் படத்தின் டிரெய்லரில் வந்ததும் பாட்டு பற்றிக்கொண்டது. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடம். அதே வருடம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் வந்தது. உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன நாட்டின் கார்களிலும் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் அந்தப் பாட்டு ஒலித்தது. அது விசாவைப் பற்றிய பாட்டு என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் நிறைமாத கர்ப்பிணியாக, நான்கு அமெரிக்க ராப் பாடகர்களோடு நின்று அவர் பாடினார். அந்த மாதமே ஆஸ்கர் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ ஸாயா' பாட்டுக்காக. விருது அதே படத்தின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது.

விண்ணப்பதாரர் பெயர்

அமெரிக்கா அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாக இருக்கும். அப்படி முடியவில்லை. அதே 2009-ன் முதல் மாதங்களில்தான் வன்னியில் போரின் கடைசிக் கட்டம். பேட்டி எடுக்க வந்தவர்களிடம் எல்லாம் மாயா அங்கே சாகிற மக்களைப் பற்றிப் பேசினார். பாப் பாடகிக்கு அரசியல் எதற்கு, புலிகளுக்கு வக்காலத்தா என்று கேட்டார்கள். 2010-ல் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் வந்த நீண்ட கட்டுரை, புரட்சி பேசுகிறவர் விலை உயர்ந்த வறுவல் சாப்பிடுகிறார் என்கிற தொனியில் எழுதப்பட்டது. அதை ஆர்டர் செய்யச் சொன்னதே நிருபர்தான் என்று மாயா தான் பதிவு செய்து வைத்திருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். அகதியாக இருந்தால் சந்தேகம், பணம் வந்துவிட்டால் போலி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கட்டம் படிவத்தில் இல்லை.

அவரும் வம்பை விலக்கிப் போகிறவர் இல்லை. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டு நிகழ்ச்சியான சூப்பர் பவுல் இடைவேளையில் மடோனாவோடு பாடும்போது நேரலையில் நடுவிரலைக் காட்டினார். கால்பந்து லீக் அவரிடம் 1.66 கோடி டாலர் கேட்டு வழக்காடியது. 2014-ல் சமரசமானது.

இதற்கு நடுவில் 2013-ல் வந்தது 'மாதங்கி'. தன்னுடைய சொந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடிப்போன ஆல்பம். மாதங்கி என்பவள் இசைக்கும் வாக்குக்கும் உரிய தேவி. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களோடும் எச்சில் சோற்றோடும் சேர்த்துப் பேசப்படுகிறவள். மதுரையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. சாக்த மரபில் மீனாட்சியை ராஜமாதங்கி என்றே வழிபடுகிறார்கள். ஒரு மாதங்கி ராணியாக இருக்கிறாள், ஒரு மாதங்கி சேரிக்கு வெளியே நிற்கிறாள், இரண்டும் ஒரே தெய்வம். லண்டன் அடுக்குமாடியில் வளர்ந்த பெண் தன் பெயரைத் தேடி வந்து சேர்ந்த இடம் அது.

நிரந்தர முகவரி

2020-ன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. ஏகாதிபத்தியத்தின் பெயரிலேயே இருக்கிற பட்டத்தை இவர் ஏன் வாங்குகிறார் என்று கேட்டவர்கள் உண்டு. அம்மாவுக்காக என்பதுதான் அவர் சொன்ன பதில். அகதியாக லண்டனுக்கு வந்த கலா, இந்தப் பதக்கங்களின் நாடாவைக் கையால் தைக்கும் வேலையை முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்துவந்தவர். யார் யாருக்கோ தைத்துக் கொடுத்த பதக்கம், கடைசியில் மகளின் சட்டையில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2019 டிசம்பரில், அருளர் காலமாகியிருந்தார்.

நல்ல முடிவுதான். ஆனால் இந்தக் கதையை ஒத்தக்கடையில் இருந்து படிக்கிறவர்களுக்கு இன்னொரு முடிவும் தெரியும்.

ஒத்தக்கடையிலிருந்து கிழக்கே திருமோகூர் வழியாகப் போனால் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் உச்சப்பட்டி, ஆனையூர் என்று வேறு முகாம்களும் உண்டு. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேல். 2021 கணக்குப்படி அவற்றில் இருந்தவர்கள் சுமார் 58 ஆயிரம் பேர். அந்த வருடம் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியதே தவிர, குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி செய்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

கலா மூன்று பிள்ளைகளோடு கடந்து வந்ததும் அதே பாக் நீரிணைதான். சென்னையில் கஷ்டப்பட்டதும் அதே 1980களில்தான். வித்தியாசம் என்னவென்றால், அவருக்கு லண்டன் போக ஒரு வழி இருந்தது. மகள் அங்கே பிறந்திருந்தாள். வழி இல்லாதவர்கள் இங்கேயே இருந்தார்கள். இங்கேயே பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி பார்த்தார்கள். இந்தப் பேரப்பிள்ளைகள் பேசுவது மதுரைத் தமிழ். படிவத்தில் எழுதுவது 'இலங்கை'.

மாயா லண்டன் போய்ச் சேர்ந்த அதே 1986-ல், மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகி இந்திய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது சட்டம். 2022-ல் நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டி, பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38.

அந்தத் தீர்ப்பு வந்த கட்டடம் ஒத்தக்கடைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலே தெரியும். 1987 ஜூலைக்குப் பிறகு முகாமில் பிறந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவர்களுடைய பிறந்த ஊர் கட்டத்தில் இந்திய ஊர் இருக்கும், அடுத்த கட்டத்தில் இருக்காது.

'கலா' ஆல்பத்தைக் கேட்காதவர்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதல் பாட்டில் இளையராஜா வருகிற இடத்தில் உங்களை அறியாமல் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், காருக்கு வெளியே நின்று கதவைத் தட்டுகிற அந்தக் குரலையும் கவனியுங்கள். அது லைபீரியாவிலோ ஜமைக்காவிலோ இருந்து மட்டும் வரும் குரல் இல்லை. திருவாதவூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருடையதாகவும் இருக்கலாம்.